மெத்தடை மறைச்சா அது போயிடுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஒரு ஜவுளிக்கடைக்கு சி ஷார்ப்ல பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிட்டு இருக்கேன். பில்லுல வர்ற ஐட்டத்தை எல்லாம் வைக்க லிஸ்ட் கிளாஸை இன்ஹெரிட் பண்ணி பில்ஐட்டம்ஸ்னு ஒரு கிளாஸ் வச்சிருக்கேன். ஐட்டம் சேரும்போதே டோட்டலும் ஏறணும்னு ஆட் மெத்தடை நியூ கீவேர்ட் போட்டு திரும்ப எழுதினேன். கிளியரை யாரும் கூப்பிடக்கூடாதுன்னு அதையும் நியூ போட்டு எக்ஸப்ஷன் த்ரோ பண்ண வச்சேன். எல்லாம் நல்லாதான் ஓடுது, ஆனா டெலிவரி சார்ஜ் சேர்த்த பில்லுல மட்டும் டோட்டல் குறைச்சலா வருது. லைனை எல்லாம் கூட்டினா 1290, கீழ டோட்டல் 1250. பேஸ் கிளாஸ்ல இருக்குறத முழுசா மறைக்க வழியே இல்லையா? – ஈரோடு வாசகர்

பதில்: தம்பி, அந்த 40 ரூபா எங்க போச்சுன்னு பார்க்கணும்னா டெலிவரி சார்ஜ் சேர்க்குற மெத்தடோட தலைப்பு வரியை மட்டும் திறந்து பாருங்க. அதோட பாராமீட்டர் பில்ஐட்டம்ஸ்னு இருக்காது, லிஸ்ட் ஆஃப் ஐட்டம்னுதான் இருக்கும். அங்கதான் விஷயமே இருக்கு.

லிஸ்ட்ல இருக்குற ஆட் விர்ச்சுவல் மெத்தட் கிடையாது, அதாவது சைல்ட் கிளாஸ் மாத்தி எழுதிக்கலாம்னு பேஸ் கிளாஸ் (நாம இன்ஹெரிட் பண்ற மூல கிளாஸ், பேரன்ட்னும் சொல்வாங்க) விட்டு வச்ச மெத்தட் இல்ல. அதனால அதை ஓவர்ரைட் (override, பேஸோடதுக்கு பதிலா நம்மோடதே ஓடுற மாதிரி எழுதுறது) பண்ண முடியாது, நியூ போட்டு மறைக்க மட்டும்தான் முடியும். மறைக்கிறதுன்னா பேஸ்ல இருந்த ஆட் அழிஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்ல, இப்ப உங்க ஆப்ஜெக்ட்ல ரெண்டு ஆட் இருக்கு, எதைக் கூப்பிடணும்னு கம்பைலர் முடிவு பண்றது வேரியபிளோட டைப்பை வச்சுத்தான், உள்ள உண்மையில என்ன ஆப்ஜெக்ட் இருக்குன்னு அது பார்க்கவே பார்க்காது. வேரியபிள் பில்ஐட்டம்ஸ்னு இருந்தா உங்க ஆட் ஓடும், டோட்டல் ஏறும். அதே ஆப்ஜெக்ட்டை லிஸ்ட்னு டைப் போட்ட பாராமீட்டருக்குள்ள அனுப்பிட்டீங்கன்னா பழைய ஆட் ஓடும், லைன் சேரும், டோட்டல் அப்படியே நிக்கும். எக்ஸப்ஷன் வராது, வார்னிங் வராது, ஒண்ணும் வராது. கஸ்டமர் பில்லை கையில வாங்கி கூட்டிப் பார்க்குற வரைக்கும் யாருக்கும் தெரியாது. அதனாலதான் இதை நான் சாதாரண கோளாறா எடுத்துக்க மாட்டேன்.

கிளியருக்கும் அதே கதைதான். நீங்க த்ரோ போட்டு வச்சிருந்தாலும் யாராவது பில்லை லிஸ்ட்டா கேஸ்ட் பண்ணி (லிஸ்ட் டைப்பா மாத்தி எடுத்து) கிளியர் கூப்பிட்டா சத்தமில்லாம காலியாயிடும். அதோட நீங்க மறைச்சது ரெண்டு மெத்தடைத்தான், ஆட்ரேஞ்ச் இருக்கு, இன்சர்ட் இருக்கு, இன்சர்ட்ரேஞ்ச் இருக்கு, ரிமூவ்ஆல் இருக்கு, இண்டெக்ஸ் போட்டு பில்லோட முதல் ஐட்டத்தையே மாத்தி வைக்கலாம், இது எதுலயும் உங்க டோட்டல் கோட் ஓடாது. முன் வாசலை பூட்டிட்டு கொல்லைக்கதவை திறந்து போட்ட மாதிரிதான்.

ஐலிஸ்ட் இன்டர்ஃபேஸ் (லிஸ்ட்ல என்னென்ன மெத்தட் இருக்கணும்னு மட்டும் சொல்ற டைப்) வழியா போனாலும் இதேதான் நடக்கும், பழைய ஆட்தான் ஓடும். உங்க கிளாஸ் தலைப்புல ஐலிஸ்ட்டை மறுபடியும் எழுதினீங்கன்னா கம்பைலர் அந்த இன்டர்ஃபேஸுக்கு உங்க ஆட்டை கோர்த்துக்கும், அது நிஜம்தான். ஆனா லிஸ்ட்னு டைப் போட்ட வேரியபிளுக்கு அப்பவும் பலன் இல்ல.

சரி, என்ன பண்றது? இதுக்குன்னே டாட்நெட்ல கலெக்ஷன்னு ஒரு கிளாஸ் இருக்கு, சிஸ்டம் கலெக்ஷன்ஸ் ஆப்ஜெக்ட்மாடல் நேம்ஸ்பேஸ்ல. அதுல இன்சர்ட்ஐட்டம், ரிமூவ்ஐட்டம், செட்ஐட்டம், கிளியர்ஐட்டம்ஸ்னு நாலு ப்ரொடெக்டட் விர்ச்சுவல் மெத்தட் குடுத்திருக்காங்க. வெளிய இருந்து ஆட் கூப்பிட்டாலும் இன்சர்ட் கூப்பிட்டாலும் உள்ள கடைசியா இன்சர்ட்ஐட்டம்தான் ஓடும். எந்த டைப் வேரியபிள்ல வச்சிருந்தாலும் சரி, அது விர்ச்சுவல்ங்கறதால உங்க கோட்தான் ஓடும். லிஸ்ட்ங்கறது வேகத்துக்காக செஞ்ச கிளாஸ், அதை இன்ஹெரிட் பண்ணி நடத்தையை மாத்துறதுக்கு இடமே விடல, கலெக்ஷன் அதுக்காகவே செஞ்சது. இன்ஹெரிட் பண்ணியே ஆகணும்னா இதை எடுங்க.

ஆனா என்னைக் கேட்டா உங்க பில்லுக்கு அதுகூட வேண்டாம். பில்லுங்கறது ஒரு லிஸ்ட்டா, இல்ல லிஸ்ட் வச்சிருக்குற ஒண்ணா? ரெண்டாவதுதான். பில்னு ஒரு கிளாஸ் போடுங்க, எதையும் இன்ஹெரிட் பண்ண வேண்டாம், உள்ள ஒரு பிரைவேட் லிஸ்ட் வைங்க, வெளிய சேர், நீக்கு, டோட்டல் இந்த மூணு மட்டும் குடுங்க. கிளியரை மறைக்க வேண்டிய வேலையே இல்ல, ஏன்னா அது வெளிய வரவே இல்ல. பில்லை ஃபார்ஈச்ல சுத்தணும்னா ஐரீட்ஒன்லிலிஸ்ட்டை இம்ப்ளிமென்ட் பண்ணிடுங்க. உள்ள இருக்குற லிஸ்ட்டை அப்படியே எடுத்து வெளிய நீட்டாதீங்க, ரீட்ஒன்லின்னு டைப் போட்டு குடுத்தாலும் வாங்குறவங்க திரும்ப லிஸ்ட்டா கேஸ்ட் பண்ணிக்கலாம், ஆஸ்ரீட்ஒன்லி கூப்பிட்டு வர்றதை குடுங்க. இன்னொண்ணு, டோட்டலை ஏன் தனியா சேமிச்சு வைக்கணும்? கேக்கும்போது கூட்டி குடுத்தா போதும். ஒரு பில்லுல எத்தனை லைன் இருந்துடப்போகுது! சேமிச்சு வச்சா நாளைக்கு ஒரு ஐட்டத்தோட விலையை மட்டும் திருத்தும்போது மறுபடியும் இதே பிரச்சனை வேற வேஷத்துல வரும்.

கேள்வி: மேடம், நான் காலேஜ் மூணாவது வருஷம். ஜாவால பேரன்ட் கிளாஸ்ல பப்ளிக்கா இருக்குற மெத்தடை சைல்ட்ல பிரைவேட்டா எழுதினா கம்பைலர் விட மாட்டேங்குது. என் ஃபிரண்ட் சி ப்ளஸ் ப்ளஸ்ல அதையே பண்றான், ஒழுங்கா கம்பைல் ஆகுது. ஏன் ஜாவா மட்டும் இவ்வளவு கறார்? – மதுரை மாணவி

பதில்: ஜாவா கறாரா இருக்குறது நியாயமாதான்ம்மா. பேரன்ட் டைப் வேரியபிள் வச்சிருக்குறவங்களுக்கு இந்த மெத்தட் இருக்கும்னு ஏற்கனவே வாக்கு குடுத்தாச்சு. சைல்ட் ஆப்ஜெக்ட் அந்த வேரியபிளுக்குள்ள போய் உட்காரும். அப்போ சைல்ட் வந்து அந்த மெத்தட் கிடையாதுன்னு சொன்னா, அந்த வேரியபிளை நம்பி எழுதின கோட் எல்லாம் என்ன ஆகும்? அதனால ஓவர்ரைட் பண்ணும்போது அணுகலை விரிவாக்கலாம், ப்ரொடெக்டட்ல இருந்து பப்ளிக் ஆக்கலாம், குறுக்க முடியாது.

உங்க ஃபிரண்ட் கம்பைல் பண்ணது உண்மைதான், ஆனா அவர்கிட்ட ஒரு வேலை செய்யச் சொல்லுங்க. சைல்ட் ஆப்ஜெக்ட் ஒண்ணு எடுத்து, அதுக்கு பேஸ் டைப்ல ஒரு ரெஃபரன்ஸ் வச்சு, அது வழியா அந்த மெத்தடை கூப்பிடச் சொல்லுங்க. அது விர்ச்சுவலா இருந்தா, அவர் பிரைவேட்னு எழுதி வச்ச அதே சைல்ட் மெத்தட் அழகா ஓடும். சி ப்ளஸ் ப்ளஸ்ல பிரைவேட்டா இல்லையாங்குறத கம்பைலர் பார்க்குறது வேரியபிளோட டைப்பை வச்சு, எது ஓடணும்ங்குறது முடிவாகுறது உள்ள இருக்குற ஆப்ஜெக்ட்டை வச்சு. ரெண்டும் தனித்தனி. அதனால அங்க மறைஞ்ச மாதிரி தெரியும், ஆனா மறையல.

சி ஷார்ப்ல இன்னும் விநோதம். ஓவர்ரைட் பண்ணும்போது பப்ளிக்கை பிரைவேட் ஆக்க முடியாது, எரர் வரும். ஆனா பிரைவேட் நியூன்னு எழுதலாம், கம்பைல் ஆகும். எழுதிட்டு வெளிய இருந்து சைல்ட் ஆப்ஜெக்ட்ல அந்த மெத்தடை கூப்பிட்டா எரர் வரும்னுதானே நினைப்பீங்க? வராது. நீங்க எழுதின பிரைவேட் மெத்தட் வெளிய இருக்குறவங்க கண்ணுக்கே தெரியாது, அதனால கம்பைலர் அதை விட்டுட்டு மேல ஏறிப்போய் பேஸ்ல இருக்குற பப்ளிக் மெத்தடை எடுத்துக் குடுத்துடும். மறைக்கணும்னு எழுதினது கிளாஸுக்கு உள்ள மட்டும்தான் மறைக்கும். இதை ஒரு தடவை கையால டைப் பண்ணி ரன் பண்ணிப் பாருங்க, படிச்சா மனசுல நிக்காது.

இப்படி சைல்ட்ல மெத்தடை எடுத்துடலாம்னு வெளிப்படையாவே அனுமதிச்ச லாங்குவேஜும் உண்டு, ஐஃபெல். பெர்ட்ராண்ட் மேயர் 1980கள்ல உருவாக்கினது. அங்க இன்ஹெரிட் பண்ணும்போதே இந்த ஃபீச்சரை யாருக்கும் ஏற்றுமதி பண்ணாதேன்னு எழுதலாம். ஆனா அதோட சேர்ந்து அந்த லாங்குவேஜோட டைப் சிஸ்டத்துல ஒரு ஓட்டையும் வந்துச்சு, கேட் கால்னு பேரே வச்சுட்டாங்க, அதை எப்படி அடைக்கிறதுன்னு ரொம்ப காலம் விவாதம் ஓடுச்சு.

கணினி விஞ்ஞானி பார்பரா லிஸ்கோவ் 1987ல ஊப்ஸ்லாங்கற ஆப்ஜெக்ட் புரோகிராமிங் மாநாட்டுல பேசினது இந்த இடத்தைப் பத்திதான். அப்புறம் ஜெனட் விங்கோட சேர்ந்து 1994ல அதை ஒழுங்கா வரையறுத்து எழுதினாங்க. பேரன்ட் டைப்பை நம்பி எழுதின புரோகிராம்ல சைல்ட் ஆப்ஜெக்ட்டை போட்டாலும் எதிர்பார்த்தபடிதான் நடக்கணும், அவ்வளவுதான் சாரம். லிஸ்கோவுக்கு 2008ம் வருஷத்துக்கான டூரிங் விருது, கணினித் துறையோட உயர்ந்த விருது, கிடைச்சுது. பரீட்சைக்கு இந்தப் பேரை மனப்பாடம் பண்றாங்க, உங்க கம்பைலர் காட்டின அந்த எரர்தான் அதோட நேரடி உதாரணம்னு யாரும் சொல்லித் தர்றதில்ல, அது எனக்கு வருத்தம்தான்.

ஜாவாவை இவ்வளவு புகழ்ந்தாச்சு, அதோட சொந்த லைப்ரரியிலயே இருக்குற ஒரு தப்பையும் சொல்லணும். ஸ்டாக் கிளாஸ் வெக்டரை இன்ஹெரிட் பண்ணியிருக்கு, முதல் வெர்ஷன்ல இருந்தே. ஸ்டாக்னா மேல வைக்கணும், மேல இருந்து எடுக்கணும். ஆனா வெக்டர்ல இருக்குற எல்லாம் கூடவே வந்துட்டதால ஸ்டாக்கோட நடுவுல செருகலாம், அடியில இருந்து உருவலாம், எல்லாம் பப்ளிக். ஃபார்லூப் போட்டு சுத்தினா அடியில இருந்து மேல வருது, பாப் பண்ணா மேல இருந்து கீழ வருது. இதை இன்னிக்கு திருத்த முடியாது, திருத்தினா உலகத்துல எத்தனையோ பழைய கோட் உடையும். அதனால 2006ல வந்த ஜாவா 6ல டெக் (deque, ரெண்டு முனையிலயும் சேர்க்க, எடுக்க முடியுற வரிசை) இன்டர்ஃபேஸை குடுத்து, இனிமே இதை எடுத்துக்கோங்கன்னு டாக்குமென்டேஷன்ல எழுதிட்டாங்க. புராப்பர்ட்டீஸ் கிளாஸும் இதே கதைதான், ஹேஷ்டேபிளை இன்ஹெரிட் பண்ணி வச்சு, புட் மெத்தடை தயவு செஞ்சு கூப்பிடாதீங்கன்னு டாக்குமென்டேஷன்ல கேட்டுக்குறாங்க. ஸ்ட்ரிங் இல்லாததை யாராவது உள்ள போட்டுட்டா ஸ்டோர் பண்ணும்போதுதான் கிளாஸ்கேஸ்ட் எக்ஸப்ஷன் வெடிக்கும்.

சி ப்ளஸ் ப்ளஸ் காரங்க இந்த இடத்துல நல்லா பண்ணியிருக்காங்க. அவங்க ஸ்டாக் எதையும் இன்ஹெரிட் பண்ணல, உள்ள ஒரு கண்டெய்னரை வச்சுக்குது, சொல்லலைன்னா டெக், அதுல வேணுங்குற நாலஞ்சு மெத்தடை மட்டும் வெளிய காட்டுது. அங்க பிரைவேட் இன்ஹெரிட்டன்ஸ்னும் ஒண்ணு இருக்கு, பேஸ்ல இருக்குற எல்லாத்தையும் மூடிட்டு வேணுங்குறத மட்டும் யூஸிங் போட்டு திறக்கலாம். அப்படி பண்ணா வெளிய இருக்குறவங்க சைல்டை பேஸ் ரெஃபரன்ஸுக்குள்ள போடவே முடியாது, அதனால அது நேர்மையான மறைப்பு.

கேள்வி: சி ஷார்ப்ல பேஸ் கிளாஸ்ல இருக்குற மெத்தட் பேர்லயே நானும் எழுதிட்டேன், சிஎஸ்0108னு வார்னிங் வருது, நியூ போட்டா போயிடுது. போட்டுட்டு போயிடலாமா? – ஓசூர் வாசகர்

பதில்: வார்னிங்கை வாயடைக்க மட்டும் நியூ போடாதீங்க ப்பா. அது ஏன் வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா நீங்களே முடிவு பண்ணிடலாம்.

ஒரு லைப்ரரி கிளாஸை இன்ஹெரிட் பண்ணி அதுல வேலிடேட்னு ஒரு மெத்தட் நீங்களா எழுதியிருக்கீங்க, பேஸ்ல அந்தப் பேர்ல எதுவும் கிடையாது. அடுத்த வருஷம் லைப்ரரி எழுதுறவங்க அவங்க பேஸ் கிளாஸ்லயும் வேலிடேட்னு ஒண்ணு சேர்க்குறாங்க, உங்களைப் பத்தி அவங்களுக்கு எப்படி தெரியும். ஜாவாவா இருந்தா பேரும் பாராமீட்டரும் ரிட்டர்ன் டைப்பும் ஒத்துப்போச்சுன்னா உங்க மெத்தட் சத்தமில்லாம அவங்களோடதை ஓவர்ரைட் பண்ணிடும், அவங்க உள்ளுக்குள்ள எதுக்கோ கூப்பிட்டா உங்களோடது ஓடும். சி ஷார்ப்ல அப்படி நடக்காது, ரெண்டும் தனித்தனியா நிக்கும், அவங்க கூப்பிட்டா அவங்களோடது, நீங்க கூப்பிட்டா உங்களோடது, கூடவே இந்த வார்னிங் வரும். சி ஷார்ப்பை வடிவமைச்ச ஆண்டர்ஸ் ஹெஜல்ஸ்பெர்க் மெத்தட் எல்லாத்தையும் விர்ச்சுவலா வைக்காததுக்கு இந்த வெர்ஷன் பிரச்சனையை ஒரு முக்கிய காரணமா சொல்லியிருக்கார். அவர் அதுக்கு முன்னாடி செஞ்ச டெல்ஃபியிலயும் ரீஇன்ட்ரொட்யூஸ்னு இதே வேலைக்கு ஒரு சொல் உண்டு.

அதனால வார்னிங் வந்தா ரெண்டே கேள்வி. பேர் தற்செயலா மோதிடுச்சா? அப்ப உங்க மெத்தடோட பேரை மாத்திடுங்க, அதுதான் சுத்தம். வேணும்னேதான் அதே பேரா? அப்ப நியூ சரி, ஆனா காரணம் உறுதியா இருக்கணும். நல்ல காரணத்துக்கு டாட்நெட்லயே உதாரணம் இருக்கு. டேட்டாபேஸ் இணைப்புக்கான பேஸ் கிளாஸ் டிபிகனெக்ஷன்ல கிரியேட்கமாண்ட் கூப்பிட்டா பொதுவான டிபிகமாண்ட் டைப்ல வரும், அதை இன்ஹெரிட் பண்ண எஸ்க்யூஎல்கனெக்ஷன்ல அதையே நியூ போட்டு எஸ்க்யூஎல்கமாண்ட்டா திருப்பித் தருது. எந்த டைப் வழியா கூப்பிட்டாலும் கைக்கு வர்றது எஸ்க்யூஎல்கமாண்ட்தான், டைப் மட்டும் இன்னும் குறிப்பா தெரியுது, யாரும் ஏமாறல. 2020ல வந்த சி ஷார்ப் 9ல இருந்து ஓவர்ரைட்லயே ரிட்டர்ன் டைப்பை குறுக்கிக்கலாம்ங்கறதால புதுசா எழுதும்போது இந்தத் தேவையும் பெரும்பாலும் போயிடுச்சு.

இதைவிட ஆபத்தான தம்பி ஒருத்தன் இருக்கான், சிஎஸ்0114. பேஸ்ல விர்ச்சுவலா இருக்கு, நீங்க ஓவர்ரைட் போட மறந்துட்டீங்க, அப்ப கம்பைலர் அதை நியூ மாதிரி எடுத்துக்கிட்டு ஒரு வார்னிங் மட்டும் குடுத்துட்டு விட்டுடும். பேஸ் டைப் வழியா கூப்பிட்டா நீங்க எழுதின கோட் ஓடவே ஓடாது, ஏன் ஓடலைன்னு ராத்திரி பூரா தேடுவீங்க. புராஜெக்ட் ஃபைல்ல இந்த ரெண்டு வார்னிங்கையும் எரரா மாத்தி வச்சுடுங்க. இருநூறு வார்னிங் ஓடுற புராஜெக்ட்ல இது ரெண்டும் யார் கண்ணுக்கும் படாது, அதனாலதான் சொல்றேன்.

கேள்வி: ஜாவால ஃபீல்டை ஓவர்ரைட் பண்ண முடியுமா? இன்டர்வியூல கேட்டாங்க, முழிச்சுட்டேன். – திருச்சி வாசகர்

பதில்: முடியாது, மறைக்க மட்டும்தான் முடியும். பேரன்ட்லயும் நேம்னு ஒரு ஃபீல்ட், சைல்ட்லயும் நேம்னு ஒரு ஃபீல்ட் இருந்தா அந்த ஆப்ஜெக்ட்டுக்குள்ள ரெண்டு நேம் இருக்கும், பேரன்ட் டைப் வேரியபிள்ல கேட்டா பேரன்ட்டோட நேம் வரும். ஸ்டாட்டிக் மெத்தடும் அப்படித்தான். சாதாரண மெத்தட் மட்டும்தான் உள்ள இருக்குற ஆப்ஜெக்ட்டைப் பார்த்து ஓடும். நிஜ வேலையில ஒரே பேர்ல ரெண்டு ஃபீல்ட் எழுதாதீங்க, டீபக்கர்ல பார்க்குறவங்க பாவம்.

கேள்வி: விண்டோஸ் ஃபார்ம்ஸ்ல ஒரு யூசர் கன்ட்ரோல் செஞ்சு எங்க டீமுக்கு குடுத்திருக்கேன். ஃபான்ட், பேக்கலர்னு இதுக்கு சம்பந்தமே இல்லாத புராப்பர்ட்டி எல்லாம் புராப்பர்ட்டி விண்டோல வந்து நிக்குது, எல்லாரும் அதை மாத்திட்டு வேலை செய்யலைங்குறாங்க. இதையும் மறைக்கக்கூடாதுன்னு சொல்லுவீங்களா அக்கா? – சேலம் வாசகர்

பதில்: இல்ல, இங்க தாராளமா மறைங்க. கன்ட்ரோல் கிளாஸை இன்ஹெரிட் பண்ணாம ஃபார்ம்ல உங்க கன்ட்ரோல் உட்காரவே முடியாது, வேற வழி இல்லாத இடம் இது. மைக்ரோசாஃப்ட்டே பிக்சர்பாக்ஸ்ல ஃபான்ட், டெக்ஸ்ட், டேப்இண்டெக்ஸ் எல்லாத்தையும் மறைச்சுத்தான் வச்சிருக்கு.

அந்த புராப்பர்ட்டி விர்ச்சுவலா இருந்தா ஓவர்ரைட் பண்ணுங்க, ஃபான்ட், பேக்கலர், டெக்ஸ்ட் எல்லாம் அப்படித்தான். டேப்இண்டெக்ஸ் மாதிரி விர்ச்சுவல் இல்லாததுக்கு நியூ. உள்ள பேஸோட மதிப்பையே திருப்பி குடுங்க, எக்ஸப்ஷன் மட்டும் போட்டுடாதீங்க, ஏன்னா ஃபிரேம்வொர்க்கே உங்க கன்ட்ரோலை கன்ட்ரோல் டைப்பா பிடிச்சு அந்த புராப்பர்ட்டியை படிக்கும், போட்டீங்கன்னா டிசைனரே திறக்காம போயிடலாம். மேல பிரவுசபிள் ஃபால்ஸ்னு ஆட்ரிபியூட் போட்டா புராப்பர்ட்டி விண்டோல இருந்து போயிடும். எடிட்டர்பிரவுசபிள் நெவர் போட்டா டாட் வச்சதும் வர்ற இன்டெலிசென்ஸ் லிஸ்ட்ல இருந்து போயிடும், ஆனா அதே புராஜெக்ட்டுக்குள்ள டைப் பண்ணா அப்பவும் காட்டும், அதைப் பார்த்துட்டு வேலை செய்யலைன்னு எடுத்துடாதீங்க, டிஎல்எல்லா வாங்கி உபயோகிக்கிறவங்களுக்குத்தான் மறையும். மூணாவதா டிசைனர்சீரியலைசேஷன்விசிபிலிட்டி ஹிட்டன். இதை விட்டுட்டா விண்டோல தெரியாட்டியும் டிசைனர் அந்த மதிப்பை கோட்ல எழுதிட்டே இருக்க வாய்ப்பு இருக்கு.

இதோட தலைகீழ் பிரச்சனையும் உங்களுக்கு வரும். யூசர்கன்ட்ரோல்ல டெக்ஸ்ட் புராப்பர்ட்டி விண்டோல தெரியாது, ஏன்னா அதை ஏற்கனவே இதே முறையில மறைச்சு வச்சிருக்காங்க. உங்க கன்ட்ரோலுக்கு அது வேணும்னா டெக்ஸ்ட்டை ஓவர்ரைட் பண்ணி, பிரவுசபிள் ட்ரூ, எடிட்டர்பிரவுசபிள் ஆல்வேஸ், சீரியலைசேஷன் விசிபிள்னு மூணையும் திருப்பிப் போடுங்க, வந்துடும். மூணாவதை விட்டுட்டா டைப் பண்ண டெக்ஸ்ட் ஃபார்மை மூடித் திறந்ததும் காணாம போயிடும்.